‘55 நாள் குட்டி’ என்றால் முதலில் பல்லைப் பாருங்கள்

மதுரைப் பக்கம் பெரிய ஜாதி நாய்க்குட்டி தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் அனுப்புங்கள். எனக்குப் போனது 14,000 ரூபாய். அது திரும்பி வரப்போவதில்லை. ஏமாந்த கதையை ஊருக்குச் சொல்ல யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போன வாரம், கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “அண்ணே, இந்தக் குட்டிக்கு அட்வான்ஸ் போடலாமா?” என்று கேட்டார். அந்த வீடியோவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். சுற்றிலும் காலி மனைகள். எனக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் ராத்திரியில் வீட்டில் மனைவியும் எட்டு வயது மகனும் அப்பத்தாவும்தான். காவலுக்குப் பெரிய நாயாக ஒன்று வேண்டும் என்று பேச்சு வந்தது. ராஜபாளையம் வாங்கலாம் என்று நான் சொன்னேன். பக்கத்து ஊர், நேரில் போய்த் தாய் தகப்பனைப் பார்த்தே வாங்கி வரலாம். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் ‘போலீஸ் நாய்’ வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டு, நம்மூர்க்காரர்கள் அல்சேஷன் என்பார்களே, அது.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் வந்தது. சடை சடையாக முடி வைத்த பெரிய தாய் நாய், அதன் காலடியில் குட்டிகள். ‘ஹெவி போன், சாம்பியன் லைன், 55 நாள், கடைசி ஒரு ஆண் குட்டி’. அதாவது தடித்த எலும்பு, பரிசு வாங்கிய வம்சம். கூப்பிட்டுப் பேசினால் ஆள் தேனாகப் பேசினார். “பண்ணை திண்டுக்கல் தாண்டி உள்ள போகணும்ண்ணே. நீங்க எதுக்கு அலையிறீங்க? நானே ஆரப்பாளையம் கொண்டாந்து குடுத்துர்றேன்.” நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு 3,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். பண்ணைக்கு என்னை வரவிடாமல் செய்ததைத்தான் நான் உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி எட்டு மணி, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே. மேலே துண்டு போட்டு மூடிய பழக்கூடைக்குள் குட்டி இருந்தது. உடம்பு கறுப்பு, காலும் மார்பும் பழுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு. தூக்கினால் நல்ல கனம். அப்புறம் வீட்டில் எடை போட்டபோது ஏழு கிலோ. “55 நாள்லயே இம்புட்டு வெயிட்டுண்ணே, வளந்தா கன்னுக்குட்டி மாதிரி நிக்கும்” என்றார். முன்னங்காலைப் பிடித்து எலும்பின் தடிமனைக் காட்டினார். நகத்தை எண்ணச் சொன்னார்: 20. “சாதா நாய்க்குப் பதினெட்டுதான்.” அப்புறம் வாயைத் திறந்து, போன் வெளிச்சத்தில் மேலண்ணத்தைக் காட்டினார். கறுப்பாக இருந்தது. “இதுதாண்ணே ஒரிஜினல் அடையாளம்.”

வாயைத் திறந்து காட்டியதே அவர்தான். நான் அண்ணத்தைப் பார்த்தேனே தவிரப் பல்லைப் பார்க்கவில்லை.

பேப்பர், அதாவது வம்சாவளிச் சான்றிதழ், கேட்டேன். “பேப்பர் வேணும்னா தனியா அஞ்சாயிரம், ஒரு மாசத்துல வந்துரும்” என்றார். வேண்டாம், எனக்கென்ன கண்காட்சிக்கா கொண்டுபோகப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். தடுப்பூசி அட்டை ஒன்று தந்தார், அதில் மருந்துப் புட்டியின் லேபிள் ஒட்டி, தேதியும் எழுதியிருந்தது. மீதி 11,000 ரூபாயை ரொக்கமாக எண்ணி வாங்கிக்கொண்டு, தினம் இரண்டு வேளை கால்சியம் டானிக் கொடுக்கச் சொன்னார், அப்போதுதான் காது நிற்குமாம். பில்லும் இல்லை, ரசீதும் இல்லை. அவர் முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது.

குட்டிக்கு ரெக்ஸ் என்று மகன் பெயர் வைத்தான். அப்பத்தா முதல் நாளே கண்ணுக்கு மேலிருந்த பொட்டைப் பார்த்துவிட்டு, “நாலுகண்ணுக்காரன். நம்மூர்க் கிடையில கெடக்குற நாய் மாதிரியில்ல இருக்கான்” என்றது. அதற்கு என்ன தெரியும் என்று நாங்கள் சிரித்தோம்.

இரண்டு வாரம் கழித்து, வாசல் மிதியடியில் அரிசி மாதிரி ஏதோ கிடக்கிறது என்று மகன் எடுத்து வந்தான். பல். மறுநாளே இன்னொன்று. பயந்துபோய் அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா வாயைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். “என்ன வயசுன்னு சொல்லிக் குடுத்தாங்க?” என்றார். கணக்குப்படி இன்றைக்கு 70 நாள் என்றேன். சிரித்துவிட்டார்.

நாய்க்கு மூன்றாவது வாரத்திலிருந்து பால்பல் முளைக்கும். இரண்டு மாதத்துக்குள் 28 பல்லும் வந்துவிடும். முன்பற்கள் விழுந்து நிலைப்பல் வர ஆரம்பிப்பது மூன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள். ஆறு ஏழு மாதத்தில் 42 பல்லும் நிரம்பிவிடும். என் குட்டிக்கு நடுவில் புதுப்பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் நான் வாங்கியபோதே அதற்கு மூன்று மாதத்துக்கு மேல்!

இதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. நல்ல ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி எட்டு வாரத்தில் ஏழெட்டு கிலோ இருக்கும். நம்மூர்க் கலப்பு நாய் மூன்று மாதம் தாண்டினால் அதே ஏழு கிலோவைத் தொட்டுவிடும். வயதில் ஒன்றரை மாதத்தைத் திருடிவிட்டால் போதும், தெருக்குட்டி பெரிய ஜாதிக் குட்டியாகிவிடுகிறது. இனத்தைப் பற்றி அந்த ஆள் பெரிதாக ஒன்றும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வயதைச் சொன்னார், மிச்சப் பொய்யை என் கண்ணே எனக்குச் சொல்லிவிட்டது. தடுப்பூசி அட்டையையும் டாக்டரம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். விற்றவர் சொன்ன 55 நாள் உண்மையென்றால், அட்டையிலிருந்த தேதிப்படி பிறந்த ஐந்தாம் நாளே குட்டிக்கு முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். முதல் ஊசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான். டாக்டரின் கையெழுத்து, முத்திரை எதுவும் அட்டையில் இல்லை. ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். இடையில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்திருந்தால் ரத்தபேதியில் குட்டி போயிருக்கும்.

இதைக் கேட்ட அப்பத்தா என்னை விட்ட பாடில்லை. “உங்க தாத்தா வாடிப்பட்டிச் சந்தையில மாடு பிடிச்சா ரெண்டு பல்லா நாலு பல்லான்னு வாயப் பிடிச்சுப் பாக்காம துண்டுக்குள்ள கை விடமாட்டாரு. தானமா வந்த மாட்டத்தான்டா பல்லப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. நீ பதினாலாயிரம் குடுத்துட்டுப் பாக்காம வந்துருக்க.”

கால்சியம் விஷயத்தில் டாக்டரம்மா உண்மையிலேயே கோபப்பட்டார். காது நிற்பது குருத்தெலும்பின் வேலை, டானிக்கின் வேலை இல்லை. அதிலும் பெரிய ஜாதிக் குட்டிக்கு இது ஆபத்தாம். சின்னக் குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடாது, கொடுப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். வெறும் சோறும் கறியும் போட்டாலும் கால் வளைந்துவிடும், அது கால்சியக் குறைவால். பெரிய ஜாதிக் குட்டிக்கென்றே அளவாகத் தயாரித்த தீனி கொடுப்பதாக இருந்தால் மேற்கொண்டு எதையும் சேர்க்கக் கூடாது. நான் மாதம் நான்காயிரம் ரூபாய்க்கு அந்தத் தீனியும் வாங்கி, அதன் மேல் டானிக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன். வளர்ந்து நின்றால் பதினெட்டு கிலோ வரப்போகிற நாய்க்கு!

விற்றவரைக் கூப்பிட்டேன். முதல் தடவை எடுத்தார். “டாக்டருக்கு என்னண்ணே தெரியும், எங்க லைன்ல பல்லு சீக்கிரமா விழும்.” இரண்டாவது தடவை, காது நாலு மாசத்தில் நிற்கும், அதுவரை பொறுங்கள் என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்குப் பிறக்கும்போது காது மடங்கித்தான் இருக்கும், மூன்று மாதத்துக்கு மேல்தான் பெரும்பாலும் எழும்பும், பல் மாறும்போது மறுபடி விழுந்தாலும் விழும். அந்த இரண்டு மாதத் தவணை, ஆள் காணாமல் போகப் போதுமானது. மூன்றாவது தடவை என் நம்பரைத் தடுத்துவிட்டார்.

அப்புறம் எங்கள் தெருவில் ஆளாளுக்கு ரெக்ஸின் அப்பனைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். மச்சான் ராட்வீலர் கிராஸ் என்றார். எதிர்வீட்டு மாமா டாபர்மேன் என்றார். தேனிப் பக்கத்துக்காரர் ஒருவர் முகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கோம்பை ரத்தம் ஓடுகிறது என்றார். நானும் ராத்திரியெல்லாம் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தவன்தான். டாக்டரம்மாவிடம் கேட்டால், “முகத்தப் பாத்து அப்பனச் சொல்ல முடியாதுங்க” என்று முடித்துவிட்டார். கறுப்பு உடம்பும் பழுப்புப் பொட்டும் உலகம் முழுக்க எத்தனையோ நாய்களிடம் உண்டு, நம் தெருவிலும் உண்டு. கறுப்பு அண்ணம், கூடுதல் நகம் எல்லாம் அப்படித்தான். ஒரே ஈற்றில் இரண்டு மூன்று கடுவன்களுக்குப் பிறந்த குட்டிகள்கூட இருக்கலாம். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பசெஞ்சி நாயையும் காக்கர் ஸ்பானியலையும் பல வருஷம் கலந்து வளர்த்தார்கள். பேரக்குட்டிகளில் பல, அந்த இரண்டு இனத்தின் சாயலிலும் இல்லை. முடி, நிறம், காது மாதிரி வெளியில் தெரிகிற விஷயங்களை முடிவு செய்வது மரபணுக்களில் ஒரு சிறு பங்குதான். கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் டிஎன்ஏ சோதனை இருக்கிறது. நான் செய்யவில்லை. அந்தக் காசுக்கு வெறிநாய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் ஆயிற்று.

புகார் கொடுக்கப் பார்த்தேன். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது, 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் யார்மீது புகார்? பெயர் இல்லை, முகவரி இல்லை, 11,000 ரூபாய்க்கு எந்தத் தடயமும் இல்லை. 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி, குட்டி வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். அவர் சொன்ன பொய்யான வயதிலேயே ஒரு நாள் குறைகிறது!

எனவே, வாங்கப் போகிறவர்கள் குட்டி பிறந்த இடத்துக்கே போங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். தாய் நாய் இருக்க வேண்டும், குட்டி அதனிடம் போய் முட்ட வேண்டும். படத்தில் காட்டுகிற தாய் கணக்கில் வராது. முன்பணம் அனுப்பும் முன், குட்டி பிறந்த தேதியை எழுத்தில் வாங்குங்கள், வாங்கிய அன்றே டாக்டரிடம் பல்லைக் காட்டுங்கள். பேப்பர் என்றால், கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் தாயும் தகப்பனும் பதிவாகி, ஈற்றையும் பதிவு செய்து, குட்டிக்கு மைக்ரோசிப் போட்டு வருவது. ‘தனியா அஞ்சாயிரம்’ கொடுத்தால் பின்னால் முளைப்பது அல்ல.

உண்மையிலேயே பெரிய ஜாதி கிடைத்துவிட்டால் அதை வளர்ப்பது வேறு பாடு. எனக்கு வாய்க்காவிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு வயது, ஒன்றரை வயது வரை எலும்பு முதிராது. அதுவரை மாடிப்படி ஏறவிடுவது, பைக் பின்னால் ஓடவிடுவது, டைல்ஸ் தரையில் வழுக்கி விளையாடவிடுவது எல்லாம் இடுப்பு மூட்டுக்குக் கேடு. தரையில் சாக்காவது விரியுங்கள். கொழுகொழுவென்று வளர்ப்பது பெருமை இல்லை, விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். 48 லேப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் ஆயுள் முழுக்கச் செய்த ஒரு ஆய்வில், கால் பங்கு தீனி குறைத்துக் கொடுத்த நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குக் குறைவு. கிரேட் டேன் மாதிரி மார்பு ஆழமான நாய்க்கு ஒரே வேளையில் மொத்தத்தையும் போட்டால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். அது சில மணி நேரத்திலேயே உயிரை எடுத்துவிடும். பிரித்துப் போடுங்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ரெக்ஸுக்கு இப்போது ஒன்றரை வயது. பதினெட்டு கிலோ. ஒரு காது நிற்கிறது, ஒரு காது மடங்கியிருக்கிறது. அப்பத்தா கூப்பிடுகிற ‘கருப்பா’ என்ற பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறான். காவலில் குறை சொல்ல முடியாது. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

இனி அந்த வீடியோ. அதே சடை முடித் தாய் நாய், அதே குட்டிகள், ‘55 நாள், கடைசி ஒரு ஆண் குட்டி’. நம்பர் மட்டும் வேறு. தம்பியை வீடியோ காலில் தாயைக் காட்டச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். தாயை மேட்டிங்குக்கு வெளியூர் அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. பால்குடி மாறாத குட்டிகளை வீட்டில் விட்டுவிட்டுத் தாய் மேட்டிங்குக்குப் போயிருக்கிறதாம். குட்டியை எங்கே வந்து வாங்கிக்கொள்வது என்று தம்பி கேட்டார்.

“நீங்க அலைய வேணாம்ண்ணே. ராத்திரி எட்டு மணிக்கு ஆரப்பாளையம் வந்துருங்க.”