ஃப்ரீ டைவிங் மாஸ்க் என்று 9,400 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய இணையக் கடை: எச்சரிக்கை

மூச்சடக்கி முக்குளிப்பதற்கும் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பதற்கும் மாஸ்க் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள், அதிலும் என்னைப்போல் கண்ணில் பவர் உள்ளவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடல் விளையாட்டுக் கருவிகளை மட்டுமே விற்பதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஓர் இணையக் கடை என்னிடம் 9,400 ரூபாயை வாங்கிக்கொண்டு, கடலுக்குள் உயிரோடு விளையாடக்கூடிய ஒரு போலிப் பொருளை அனுப்பியிருக்கிறது. பணமும் திரும்பவில்லை, பதிலும் இல்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தைச் சேர்ந்தவன். எங்கள் பகுதியில் சிப்பி குளிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கிப் பாறைக்கு இறங்குபவர்கள் என்பதால், சாதாரண மாஸ்க் கிடைப்பதில் எங்களுக்குச் சிரமம் இல்லை. பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்தான் கிடைப்பதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மாஸ்க்கை மாட்டினால், கண்ணாடியின் காம்பு செல்லும் இடத்தில் விளிம்பு முகத்தில் ஒட்டாமல் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆகவே வலது, இடது என்று இரண்டு கண்ணாடிகள் தனித்தனியாக உள்ள மாஸ்க்கை வாங்கி, அந்தக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, அதே மாதிரிக்கென்று செய்த பவர் கண்ணாடிகளைப் பொருத்துவதுதான் சரியான வழி. முன்பக்கம் தட்டையாகவும் பவர் உட்பக்கமாகவும் இருப்பதால் தண்ணீருக்குள்ளும் அந்தப் பவர் மாறாது. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் விசாரித்ததும், அந்தக் கடையிலிருந்து ஒருவர் தாமே அழைத்தார். நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். "அண்ணா, மீசை வச்சிருக்கீங்களா?" என்பதுதான் அவர் முதலில் கேட்ட கேள்வி. மூக்குக்குக் கீழே மீசை அடர்த்தியாக இருந்தால் மாஸ்க் ஒழுகும், அந்த இடத்தில் ஒரு விரற்கடை மழித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். உட்புறக் காற்றின் கொள்ளளவு ஏன் குறைவாக இருக்க வேண்டும் என்பதைக்கூட அவர் பிழையில்லாமல் விளக்கினார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகி மாஸ்க்குக்குள் உள்ள காற்று சுருங்குகிறது. அதை ஈடுசெய்ய மூக்கு வழியாகக் காற்றை விட வேண்டும். அந்தக் காற்று, சுமந்து சென்ற ஒரே மூச்சிலிருந்துதான் போகிறது. எனவே மாஸ்க் சிறிதாக இருந்தால் மூச்சு மிச்சமாகும். இவ்வளவு தெரிந்த ஒருவர் கடலுக்குள் இறங்குபவராகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினேன். வலது கண் மைனஸ் 3.25, இடது கண் மைனஸ் 4 என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். "பவர் அரை அரையாத்தான் வரும் அண்ணா, வலதுக்கு 3, இடதுக்கு 4 போட்டுத் தர்றோம், தண்ணிக்குள்ள அது போதும்" என்றார். அதுவும் சரியான பதில்தான். டெம்பர்டு கண்ணாடி (சூடாக்கி உறுதியேற்றியது), கறுப்பு சிலிகான், ஒரிஜினல் இத்தாலிய மாஸ்க் என்றார். பவர் லென்ஸ் உங்களுக்கென்றே செய்யப்படுவதால் பொருளைப் பெற்றபின் பணம் கொடுக்கும் வசதி கிடையாது, முழுத்தொகையும் முன்பணமாக வேண்டும் என்றார். அந்தக் காரணமும் நியாயமாகவே பட்டதால், அன்றே 9,400 ரூபாயை யூபிஐ மூலம் அனுப்பினேன்.

பொருள் வந்தது. பெட்டியில் அச்சு, சின்னம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. மாஸ்க்கைக் கையில் எடுத்தபோதே மூக்குப் பகுதி விறைப்பாக இருந்தது. இறங்கும்போது காது அடைப்பை எடுக்க மூக்கை இரண்டு விரலால் அமுக்கிப் பிடிக்க முடியாவிட்டால் அந்த மாஸ்க் இந்தத் தொழிலுக்கே உதவாது. டெம்பர்டு கண்ணாடியின் ஓரத்தில் அதைக் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இதில் எந்த எழுத்தும் இல்லை, நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் ஓசை கேட்டது. உடனே வாட்ஸ்அப்பில் கேட்டேன். "புது மாதிரி அண்ணா, ரெண்டு தடவை தண்ணில போனா இளகிடும்" என்று பதில் வந்தது.

கடல் தெளிந்திருந்த ஒரு காலையில், எப்போதும் போல் உடன் இறங்கும் நண்பர் மேலே காவல் இருக்க, இறங்கினேன். ஏழெட்டு மீட்டர் ஆழத்தில் பாறையின் அடியில் கலவா மீன் ஒன்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. தண்ணீருக்குள் எந்தப் பொருளும் நான்கில் ஒரு பங்கு கிட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும்; அந்தக் கணக்கு பழகிப்போனது. இந்த மாஸ்க்கிலோ மீனின் உருவமே தெளியாமல் கலங்கித் தெரிந்தது. குறிபார்க்கத் துப்பாக்கியை நீட்டியபோது, வலது பக்கத்துப் பவர் லென்ஸ் ஒட்டிலிருந்து கழன்று, மாஸ்க்குக்குள்ளேயே கண்ணிமையின் மேல் வந்து விழுந்தது. கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஈட்டி ஏற்றிய துப்பாக்கி கையில் இருக்க, மேலே நண்பர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று சரியாகத் தெரியாமல் மேலேறி வந்தேன். இன்னும் சற்று ஆழத்தில், மூச்சு முடியும் தறுவாயில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரைக்கு வந்து மாஸ்க்கைப் பிரித்துப் பார்த்தேன். பவர் கண்ணாடி மாற்றப்படவே இல்லை. சாதாரண பிளாஸ்டிக் முகப்பின் உட்புறத்தில், கையால் வெட்டிய இரண்டு பிளாஸ்டிக் லென்ஸ்களைப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். பசை மஞ்சளாகத் திரண்டு ஓரமெல்லாம் வழிந்து உறைந்திருந்தது. நாகர்கோவிலில் ஒரு கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் பவர் அளக்கும் கருவியில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டுமே மைனஸ் 2 என்று சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். சிலிகான் என்று சொல்லப்பட்ட மாஸ்க் விளிம்பிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டி நெருப்பில் காட்டினேன். சிலிகான் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். இது கரும்புகை கக்கி, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு எரிந்தது. இதற்குத்தான் 9,400 ரூபாய்.

அதன்பின் நடந்தவைதான் ஆத்திரத்தை இரட்டிப்பாக்குகின்றன. முதலில், உட்புறம் மங்கினால் பற்பசை தடவித் தேய்க்கும்படி சொன்னார்கள். நான் சொன்னது மங்கலைப் பற்றியே அல்ல. லென்ஸ் கழன்றது என்று மீண்டும் எழுதியபோது வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு வீடியோ கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். பிறகு, தண்ணீரில் பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். முக்குளிக்கும் மாஸ்க்கைத் தண்ணீரில் பயன்படுத்தாமல் வேறு எங்கே பயன்படுத்துவது? பவர் லென்ஸ் செய்தது தாங்கள் அல்ல, வேறு ஒருவர் என்றார்கள். அவருடைய எண்ணைக் கேட்டால் தரமாட்டோம் என்றார்கள். ரசீது கேட்டதற்கு, ஜிஎஸ்டி எண்ணே இல்லாத ஒரு படத்தை அனுப்பினார்கள். முதல் நாள் வாய் நிறைய அண்ணா என்று அழைத்த அதே மனிதர், நான் அழைத்தபோது, "சார், நான் சேல்ஸ் மட்டும்தான் பார்க்கிறேன்" என்று இணைப்பைத் துண்டித்தார். கடைசியாக, அடுத்த முறை வாங்கும்போது 500 ரூபாய் தள்ளுபடி தருவதாக ஒரு செய்தி வந்தது. என் 9,400 ரூபாய்க்கு அவர்கள் வைத்த விலை அது. அவர்களுடைய விளம்பரத்தின் கீழே நடந்ததை நடந்தபடி எழுதினேன். சற்று நேரத்தில் என் கருத்தை நீக்கிவிட்டு என்னையும் தடுத்துவிட்டார்கள். அந்த விளம்பரம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். இந்தக் கடையின் தளத்தில் அப்படி எந்தப் பெயரும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

மாஸ்க் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். இப்போது இருக்கும் மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உறிஞ்சிக் குனிந்து பாருங்கள். விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். இதை ஸ்நார்கல் என்னும் மூச்சுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டும் செய்து பாருங்கள், ஏனெனில் வாய் விரியும்போது கன்னத்தின் வடிவம் மாறும். இந்தச் சோதனைக்கு இடம்கொடுக்காத கடையில் வாங்காதீர்கள். சில நல்ல ஃப்ரீ டைவிங் மாஸ்க்குகளில் பிளாஸ்டிக் முகப்பு உண்டு, அது குறையல்ல. ஆனால் கண்ணாடி என்று சொல்லிவிட்டு பிளாஸ்டிக்கைத் தந்தால் அது மோசடி. பிளாஸ்டிக் முகப்பில் மங்கல் போக்க லைட்டர் நெருப்பைக் காட்டிவிடாதீர்கள், முகப்பே கெட்டுவிடும். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியோடு ஆழத்துக்கு இறங்காதீர்கள். உள்ளே காற்றை விட வழியில்லாததால் கண்ணில் இரத்தக் குழாய் உடையும். முழு முகத்தையும் மூடும் ஸ்நார்கல் மாஸ்க் மேலே மிதந்து பார்ப்பதற்கு மட்டுமே. பவர் லென்ஸ் என்றால், கண்ணாடியையே மாற்றியிருக்கிறார்களா, ஒட்டியிருக்கிறார்களா என்று வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீதைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பவர் மாஸ்க் என்ற பெயரில் இதேபோல் பசை ஒட்டிய பொருளைப் பெற்றவர்கள் யாரேனும் இருந்தால், பணம் அனுப்பிய ஆதாரத்தோடும் லென்ஸ் ஓரத்தின் படத்தோடும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனுவை இந்த வாரமே தாக்கல் செய்யவிருப்பதால் தாமதிக்க வேண்டாம்.