சித்தியின் பிளாக்கும் ஒரு கையெழுத்தும்

லண்டனிலிருந்து கும்பகோணம் போனது சித்தியைப் பார்க்க. லீவில் பாதி, தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு மெழுகுக் கட்டியின் பின்னால் அலைந்ததிலேயே போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சித்திக்குப் பித்தநாளப் புற்றுநோய், அதாவது கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயில். பயாப்சி, முதல் கீமோ எல்லாம் ஊர்ப்பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில்தான். பிறகு வலது கை சோர்ந்துபோய், டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆனது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையின் இடது பக்கத்தில் ஒரு கட்டி. பித்தநாளத்தில் தொடங்கும் புற்று மூளைக்குப் பரவுவது மிக அரிது, நூற்றில் ஒருவர் என்ற அளவுக்குத்தான். அந்த ஒருவராகச் சித்தி இருக்க வேண்டுமா?

சென்னையில் பார்த்த புற்றுநோய் டாக்டர் பொறுமையாகப் பேசினார். கீமோவோடு துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றோடு மோதவைக்கும் மருந்தைச் சேர்க்கலாம் என்றார். ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளோடு அதையும் கொடுத்த டோபாஸ்-1 ஆய்வில், இரண்டு வருடம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் 24.9 சதவீதம், கீமோ மட்டும் போட்டுக்கொண்டவர்களில் 10.4 சதவீதம். இதோடு, கட்டிக்குள் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று தெரிந்தால் அதைக் குறிவைக்கும் மருந்தும் உண்டு. எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பெமிகாடினிப், ஐ.டி.எச்.1 மாறியிருந்தால் ஐவோசிடெனிப், ஹெர்2 என்றால் டிராஸ்டுசுமாப். "எது இருக்குன்னு தெரியாம மருந்து எழுத முடியாது சார். முதல்ல பயாப்சி பண்ணின இடத்துல போய் பிளாக்கை வாங்கிட்டு வாங்க" என்றார்.

பயாப்சியில் எடுத்த துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்து வைப்பார்களே, அதுதான் பிளாக். இங்கிலாந்தில் அப்படி ஒன்று இருப்பதே நோயாளிக்குத் தெரியவராது. ஒரு லேப் கேட்டால் இன்னொரு லேப் அனுப்பிவிடும். நம் ஊரில் அதை நாம்தான் சுமக்க வேண்டும். அதில்கூட எனக்கு வருத்தமில்லை. எக்ஸ்ரேயும் ஃபைலும் போட்ட மஞ்சள்பையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காராத குடும்பம் நம்மில் உண்டா?

ரெக்கார்ட்ஸ் கவுன்டரில் முதலில் டாக்டர் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். ஆதார் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு ஒரு ஃபாரத்தை நீட்டி, "பேஷன்ட் கையெழுத்து வேணும் சார். அட்மிஷன்ல போட்ட மாதிரியே இருக்கணும்" என்றார் அங்கிருந்தவர்.

சித்திக்கு ஓடாததே அந்தக் கைதான். மூளையில் கட்டி, அதனால் எழுத முடியாது, அதற்கு வைத்தியம் பார்க்கத்தான் பிளாக் கேட்கிறோம் என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் காட்டிச் சொன்னேன். சித்தப்பா, தான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். "ரூல்ஸ் இல்லீங்க" என்று பதில் வந்தது. சித்தியைத் தாங்கிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிப் போனோம். கோணல்மாணலாக இருந்த அதைப் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் போனால் அலமாரிச் சாவி வைத்திருப்பவர் லீவு. அதற்கடுத்து, "ரிப்போர்ட்தான் கையில இருக்கே, பிளாக் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் கட்டடத்துக்குள் நின்றுகொண்டு கேட்ட கேள்வி அது.

கடைசியில் வைகாசி வெயிலில் காரின் பின்சீட்டில் சித்தியைப் படுக்கவைத்து அந்த வாசலுக்கே கொண்டுபோனோம். டூட்டி டாக்டர் இறங்கிவந்து பார்த்தார். இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கி, பக்கத்தில் அவரே சான்றெழுதினார். "ஏன்டா தம்பி, என் சதையை நான் வாங்கிக்கறதுக்கு இவ்ளோ பாடா?" என்று சித்தி கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. லேபில் இருந்த இளம்பெண் ரிஜிஸ்டரைப் புரட்டி, நம்பர் பார்த்து, பிளாக்கை எடுத்துவந்து கொடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "அக்கா, மெழுகு உருகிடும், கார் டேஷ்போர்டுல மட்டும் வச்சிராதீங்க" என்று என் மனைவியிடம் அக்கறையாகச் சொல்லியனுப்பினார். அந்தப் பெண்ணின் கையில் முதல் நாளே விட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதற்கு நேர் எதிராகச் சென்னையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. கேட்ட அன்று மாலையே கிடைத்தது. லண்டனில் கடிதம் வரவே வாரக்கணக்கில் காத்திருப்போம். மூளைக் கட்டிக்குக் குறிபார்த்துக் கதிர்வீச்சு கொடுக்கும் ரேடியோசர்ஜரிக்கும் உடனே தேதி தந்தார்கள். டிராஸ்டுசுமாபுக்கு 2014-லேயே நம் நாட்டுத் தயாரிப்பு வந்துவிட்டது. துர்வாலுமாபுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கினார்கள். அப்படியும் ஒரு தவணைக்கு லட்சங்களில்தான் பேச்சு. லண்டனில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கொடுக்கும், இங்கே சித்தப்பா வயலை விற்பதைப் பற்றி யோசிக்கிறார். இதை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரிசல்ட்டில் ஹெர்2 பாசிட்டிவ் என்று வந்தது. இம்யூனோதெரபியையும் ஹெர்2 மருந்தையும் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பது வயிற்றுப் புற்றுநோயில் ஏற்கெனவே வழக்கத்துக்கு வந்துவிட்டது. பித்தநாளத்தில், அதுவும் மூளைக்குப் பரவியவர்களிடத்தில், பெரிய ஆய்வு எதுவும் கையில் இல்லை என்பதை டாக்டர் மறைக்கவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்ப்பதே இல்லை. டிராஸ்டுசுமாப் பெரிய மூலக்கூறு, ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது; அதனால்தான் அங்கே முதலில் கதிர்வீச்சு என்றார். அவர் இன்னொன்றையும் கவனித்தார். மூளை வீக்கத்துக்காக ஊரில் எழுதிய டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு குறைக்கப்படாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு அதிகமாக உடம்பில் இருந்தால் இம்யூனோதெரபியின் பலன் மழுங்கக்கூடும். பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் கணக்கில் நாளுக்கு 10 மில்லிகிராமுக்குச் சமமான அளவுக்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்களாம். அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைத்த பிறகே முதல் தவணை ஏற்றினார்கள்.

ஊரில் யாருக்காவது பயாப்சி எடுக்கிறார்கள் என்றால், கை நன்றாக இருக்கும்போதே பிளாக்குக்கான கடிதத்திலும், குடும்பத்தில் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் தாளிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தியின் பிளாக் இப்போது சென்னை லேபில் இருக்கிறது. திருப்பித் தர வேண்டும் என்று ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து என் அக்காவுக்கு போன் வந்ததாம். இன்னொரு டெஸ்ட் வைக்கும் அளவுக்கு அதில் திசு மிச்சம் இருக்கிறது என்று லேபில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த எம்.ஆர்.ஐ. முடிகிற வரை கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.