பேஸ் கிட்டார்: நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?

நாலு கம்பியில் (ஈ, ஏ, டி, ஜி) அடிமட்ட சுரம் ஈ, சுமார் 41 ஹெர்ட்ஸ். அஞ்சு கம்பியில் அதற்கும் கீழே ஒரு பி இருக்கும், சுமார் 31 ஹெர்ட்ஸ். கீபோர்டில் வாசித்த பேஸை அப்படியே எடுக்கவும், பாடகருக்காக ஸ்கேலை டி, ஈ ஃபிளாட் என்று மாற்றும்போதும் அது கைகொடுக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய லாபம் அந்த ஆழம் இல்லை. கை அலைச்சல் குறைவதுதான். பி கம்பியின் 5-ஆவது ஃப்ரெட்டிலேயே (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஈ கிடைத்துவிடும். ஓப்பன் கம்பியை, அதாவது விரல் அழுத்தாமல் வாசிக்கும் கம்பியை, தேடிக் கழுத்தின் நுனிவரை ஓட வேண்டாம். கையை ஓரிடத்தில் வைத்தே பாதிப் பாட்டை முடித்துவிடலாம்.

தொல்லையும் அதே கம்பியில்தான். தொடாவிட்டாலும் மற்ற சுரங்களோடு சேர்ந்து அதிர்ந்து முனகிக்கொண்டே இருக்கும். வலது கட்டைவிரலை பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை வாங்கும் பாகம்) வைக்கும் பழக்கத்தை விட்டு, பி மேல் ஊன்ற வேண்டும். விரல்கள் டி, ஜி பக்கம் போனால் கட்டைவிரலும் ஏ வரை கூடவே வர வேண்டும். ஈ என்று நினைத்து பி-யைத் தட்டுவதும் கொஞ்ச நாள் நடக்கும், பரவாயில்லை.

எடை, கழுத்தின் அகலம் இரண்டிலும் நாலு கம்பிதான் சுகம். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) வாசிப்பவர்கள் கம்பிகளின் இடைவெளியைக் கட்டாயம் பாருங்கள். அஞ்சில் பெரும்பாலும் நெருக்கம். வழக்கமான 34 அங்குல ஸ்கேலில் (இங்கே ஸ்கேல் என்றால் கம்பி அதிரும் நீளம்) பி கொஞ்சம் தொளதொளவென்று பட்டால் 35 அங்குலத்தை வாசித்துப் பாருங்கள். அப்புறம், சின்ன ஆம்ப்ளிஃபயரில் அந்த பி-யின் அடிச்சத்தம் ஒழுங்காக வராது.

எப்போதாவது ஒரு டி மட்டும் போதுமா? நாலு கம்பியிலேயே ஈ கம்பியைத் தளர்த்தி டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், செலவே இல்லை.