மாத்திரை நிற்குமா? அட்ரினல் ஆபரேஷனுக்கு முன் போடும் ஏ.ஆர்.எஸ். மதிப்பெண்: ஒரு மதிப்பீடு

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் வந்த கட்டி, உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து பி.பி.யை ஏற்றுகிறது என்று உறுதியானதும், சேலத்து ஓ.பி.யில் வரும் முதல் கேள்வி: "ஆபரேஷன் பண்ணிட்டா மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" அதற்குப் பதில் தேடி 2008-இல் அமெரிக்காவில் உருவானது ஏ.ஆர்.எஸ். (ஆல்டோஸ்டீரோனோமா ரெசல்யூஷன் ஸ்கோர்) என்ற 5 மதிப்பெண் கணக்கு. செலவே கிடையாது, ஓ.பி. சீட்டின் பின்பக்கமே போதும்.

பி.பி. மருந்து இரண்டுக்கு மேல் போகாவிட்டால் 2 மதிப்பெண். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25-க்குள் இருந்தால் 1, பி.பி. வந்து 6 வருடத்துக்குள் என்றால் 1, பெண் என்றால் 1. மூல ஆய்வில் 4, 5 எடுத்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மருந்தே இல்லாமல் பி.பி. சரியானது. 2, 3 எடுத்தவர்களில் 46 பேர். 0, 1 என்றால் 30-க்கும் கீழே.

கணக்கு எளிது, தப்புவது எண்ணிக்கையில். "காலையில ஒரே ஒரு மாத்திரைதான்" என்பவரின் அட்டையை வாங்கித் திருப்பிப் பாருங்கள்: டெல்மிசார்ட்டன் 40, ஆம்லோடிபின் 5, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. மாத்திரை ஒன்று, மருந்து மூன்று. அந்த 2 மதிப்பெண் போய்விட்டால் 5 என்பது 3 ஆகும். 75 என்று சொன்ன வாய் 46 என்று சொல்ல வேண்டிவரும். எடையும் இப்படித்தான். 155 செ.மீ. உயரத்துக்கு 60 கிலோ என்றால் 24.97; 61 கிலோ என்றால் 25.4. ஏற்காட்டிலிருந்து ஸ்வெட்டரோடு இறங்கி வந்தவரை அப்படியே மெஷினில் ஏற்றினால் 1 மதிப்பெண் காணாமல் போகும்.

"போன வருஷம் முகாம்லதான் பார்த்தாங்க" என்பது பி.பி.யைக் கண்டுபிடித்த தேதி, வந்த தேதி அல்ல. பிரசவ காலத்துச் சீட்டு, பழைய ஈ.சி.ஜி. எதுவும் இல்லாதவருக்கு அந்த 1-ஐ நம்பிக் கொடுக்காதீர்கள்.

இருக்கும் இரண்டு அட்ரினலில் எந்தப் பக்கச் சுரப்பியை எடுக்க வேண்டும் என்பதை இந்த மதிப்பெண் சொல்லாது. அதற்கு இரு பக்கச் சிரையிலும் ரத்தம் எடுத்து ஹார்மோனை ஒப்பிடும் அட்ரினல் சிரை ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். பக்கம் தவறினால் 5-க்கு 5 எடுத்தும் பயனில்லை.

குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி "ஆபரேஷன் வேண்டாம்" என்று அனுப்புவதை மட்டும் ஏற்கவே முடியாது. 2017-இல் வந்த பாசோ என்ற பன்னாட்டு ஆய்வில் மருந்தில்லாமல் பி.பி. சரியானவர்கள் 37 சதவீதம்; பி.பி.யோ மருந்தோ குறைந்தவர்கள் இன்னும் 47 சதவீதம். ஹார்மோனும் பொட்டாசியமும் 94 சதவீதம் பேருக்குச் சீரானது. நாலு மருந்து சாப்பிடும் ஆணுக்கு 0 வந்தாலும், மருந்து பாதியாகி, பொட்டாசியம் சிரப் நிற்க வழி உண்டு. அவரிடம் "குணமாகாது" என்பது பொய்.

பலனை 6 மாதம் முதல் ஒரு வருடம் கழித்துத்தான் அளக்க வேண்டும். முதல் வாரங்களில் கவலை வேறு. இத்தனை நாள் அடங்கிக் கிடந்த மறுபக்கச் சுரப்பி விழிக்கும்வரை பொட்டாசியம் ஏறலாம். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் பொட்டாசியம் சிரப்பையும், ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையையும் நிறுத்தி, 4 வாரம், வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். நலம் விசாரிக்க வருகிறவர்கள் வாங்கி வரும், பொட்டாசியம் நிறைந்த இளநீரை அதுவரை மற்றவர்கள் குடிக்கட்டும்.