கார்னரோலி கிளாசிகோ: ஒரு கிலோ பெட்டி, ஐந்து ரிசோட்டோ

பாவியாவுக்கு (இத்தாலியில் ஓர் ஊரின் பெயர்தான், யாரையும் திட்டவில்லை) குடிவந்து இரண்டு வருடம். வீட்டில் நான் செய்த ரிசோட்டோ (சாறு விட்டுக் கிளறிக் கொழகொழப்பாகச் செய்யும் இத்தாலிய அரிசிச் சாப்பாடு) ஒன்று கஞ்சியாகக் குழையும், இல்லையென்றால் நடுவில் நறுக்கென்று பச்சையாக நிற்கும். குற்றம் என் கையில்தான் என்று நினைத்திருந்தேன். பாதிதான் கை, மீதி அரிசி.

போன மாதம் நெல் விளையும் லொமெல்லீனா வட்டாரத்துப் பக்கம் போனபோது, ஒரு அரிசி ஆலைக்காரர்களின் கடையில் இந்தக் கார்னரோலி ரக அரிசிப் பெட்டியை வாங்கினேன். ஐந்து யூரோ. சூப்பர்மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்குவதும் கார்னரோலிதான், அது இதைவிடச் சல்லிசு. வித்தியாசம் ‘கிளாசிகோ’ என்ற ஒரு சொல்லில். 2017ஆம் ஆண்டு இத்தாலியச் சட்டப்படி, கார்னரோலி என்று போட்ட பெட்டிக்குள் கார்னாக் போன்ற ஒத்த ரகங்களும் இருக்கலாம். கிளாசிகோ என்று அச்சிட்டால் அசல் கார்னரோலி மட்டும்தான். 1945இல் மிலானுக்குப் பக்கத்தில் பவுல்லோவில் உருவாக்கிய ரகம் அது.

முதல் தடவை பழக்கதோஷத்தில் அரிசியைக் களைந்துவிட்டேன். போச்சு. ரிசோட்டோவின் கொழகொழப்பே அரிசி மேலிருக்கும் மாவுதான். அதைக் கழுநீரோடு சாக்கடைக்கு அனுப்பிவிட்டுக் கிரீம் ஊற்றி ஒப்பேற்றினேன். மாடிவீட்டுப் பாட்டி கிரீம் டப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். இருவருக்கு 160 கிராம். வெண்ணெயில் பொடி வெங்காயம், அதில் களையாத அரிசியைப் போட்டு, தொட்டால் சுடும்வரை வறுத்து, அரைக் கிளாஸ் வெள்ளை வைன். அது சுண்டியதும் கொதித்துக்கொண்டே இருக்கும் காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். ஆறிய சாறு ஊற்றினால் வேக்காடு நின்றுவிடும். அடுப்பை அணைத்த பிறகு குளிர்ந்த வெண்ணெயும் பார்மிஜானோ சீஸ் துருவலும் போட்டு வேகமாகக் கிளற வேண்டும். தட்டைச் சாய்த்தால் அலைபோல நகர வேண்டும், பொங்கல் மாதிரி உட்காரக் கூடாது. அரிசி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது, நடுவில் லேசான விறைப்பு, சுற்றிலும் பால் போன்ற குழம்பு. பழைய அரிசியில் இது எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. இரண்டு நிமிடம் அசந்தாலும் இது குழைவதில்லை, என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய உதவி.

குறை? பெட்டியில் 16 நிமிடம் என்று போட்டிருக்கிறது. என் அடுப்பில் 18க்குக் குறைந்து வேகவில்லை. காற்றெடுத்துச் செங்கல் மாதிரி அடைத்த உறையை ஒருமுறை வெட்டினால் மறுபடி மூட வழியில்லை, டப்பாவில்தான் கொட்டி வைத்திருக்கிறேன்.

குங்குமப்பூ போட்ட நாளில் கொஞ்சம் மிஞ்சியது. மறுநாள் மிலான்காரர்கள் செய்வதுபோல வெண்ணெய் தடவிய வாணலியில் அடையாகத் தட்டி, இரண்டு பக்கமும் முறுக விட்டேன். ஓரம் யாருக்கு என்று வீட்டில் சண்டை.