கிளிப்பா, காயிலா? மலையில் இருப்பவர்களுக்கு ஓர் அலசல்

மூளையைச் சுற்றி ரத்தம் கசியவிட்ட ரத்தக்குழாய் வீக்கத்தை அடைக்க வழி இரண்டு. மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் டைட்டானியம் கிளிப் போடலாம். தொடை வழியாகக் கதீட்டரை ஏற்றி உள்ளே பிளாட்டினம் கம்பிச்சுருள் (காயில்) நிரப்பலாம். எதுவானாலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். சிடி ஸ்கேனில் கசிவு தெரிந்தபின் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெரிய ரத்தக்கட்டி மூளையை அழுத்தினால் பெரும்பாலும் கிளிப்தான்; கட்டியையும் அப்போதே எடுத்துவிடலாம். இரண்டும் முடியும் என்று டாக்டர்கள் சொன்னால் என் சாய்வு காயில் பக்கம். இரண்டையும் ஒப்பிட்டு 2002-ல் வெளிவந்த ஐசாட் ஆய்வில், ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியில் வாழ்பவர்களுமாகச் சேர்த்து காயிலில் சுமார் 24 சதவீதம், கிளிப்பில் சுமார் 31. கிளிப் போட நெற்றிப்பொட்டுத் தசையை வெட்டி விலக்குவதால், சோறு மெல்ல வாய் திறப்பதே சில வாரம் வலிக்கும்.

ஆனால் காயிலோடு வேலை முடியாது. சுருள் நாளடைவில் அமுங்கும். கழுத்துப் பக்கம் இடைவெளி விழுந்து ரத்தம் மறுபடி புகும். வலி இருக்காது, ரத்தக்குழாயைப் படம் எடுத்தால்தான் தெரியும். ஆறாம் மாதவாக்கில் ஒன்று, பிறகு சில ஆண்டுகள் அவ்வப்போது. எப்போதெல்லாம் படம் எடுப்பது என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். "நல்லாத்தானே இருக்காங்க, எதுக்குக் கீழே போகணும்?" என்று தோட்ட வீடுகளில் தள்ளிப்போடுவதுதான் வினை. டிஸ்சார்ஜ் அன்றே தேதி வாங்கிவிடுங்கள். கூட்டிப்போக ஆளில்லை என்றால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளி இளவயது என்றால், அந்த நிலையில் கிளிப்பே மேல் என்பேன்.

காயிலோடு ஸ்டென்ட்டும் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய்) வைத்தால், ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் தொடங்குவார்கள். மூளைநீரை வடிக்கத் துளை போட நேர்ந்தால் அந்த மாத்திரைகளால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பிந்தைய கவனிப்பு இரண்டுக்கும் ஒன்றே. 4 முதல் 14-ஆம் நாள் வரை ரத்தக்குழாய் சுருங்கிப் பக்கவாதம் வரக்கூடும். அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் நிமோடிபின் மருந்து: 60 மி.கி., நான்கு மணிக்கொரு முறை, 21 நாள். தூக்கத்திலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். பிரஷர் இறங்கினால் டாக்டர் 30 மி.கி.யாகப் பிரித்து இரண்டு மணிக்கொரு முறை தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். வீடு வந்தபின் நடை தளர்ந்து, சிறுநீர் தானாகப் போய், மறதி கூடினால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று பார்க்க உடனே சிடி எடுங்கள். அந்த நீரை வடிக்கும் குழாயான ஷன்ட் வைத்தால் பலருக்கு நடை திரும்பும்.