கவுட் வலிக்கு உணவு ஆலோசகரிடம் போன அனுபவம்

கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போன ஒரு இரவுக்குப் பிறகுதான் தூத்துக்குடியில் இந்த உணவு ஆலோசகரிடம் போனேன். ரத்தத்தில் கூடி, மூட்டில் படிந்து கவுட் வலியைத் தரும் யூரிக் அமிலம் அப்போது 8.9 mg/dL. ஒரு வாரச் சாப்பாட்டை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மத்திக் குழம்பு, நெத்திலிக் கருவாடு, ஞாயிற்றுக்கிழமை ஈரல், பீர் நான்கையும் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

“மீனே கூடாதா மேடம்?” என்று கேட்கும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது.

“வலி அடங்கட்டும் சார். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு துண்டு சாப்பிடலாம். மத்தியும் நெத்திலியும் மட்டும் வேண்டாம்” என்றார்.

பருப்பு, கீரையை நிறுத்தச் சொல்லி சொந்தக்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். காய்கறி, பருப்பில் உள்ள பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) கவுட்டைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார். பெரிய நிம்மதி! கொழுப்பு நீக்கிய மோர், நிறையத் தண்ணீர், பாட்டில் குளிர்பானத்துக்குத் தடை. உணவால் மட்டும் அளவு கொஞ்சம்தான் இறங்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்க டாக்டர் தந்த அலோபியூரினால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அவரே அழுத்திச் சொன்னது ரொம்பப் பிடித்தது.

ஒரே குறை, தந்த அச்சுத்தாளில் ஓட்ஸும் ப்ரோக்கோலியும்தான் இருந்தன. கேட்ட பிறகுதான் நம் சமையலுக்கு மாற்றி எழுதினார். கட்டணம் 600 ரூபாய்.

நான்கு மாதத்தில் யூரிக் அமிலம் 5.8. இலக்கு 6-க்குக் கீழே.